"படம் பாத்து எழுதறதெல்லாம் ஒரு வேலையா சார்?"

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை, மகள் விமர்சனம் எழுதிவைத்திருக்கும் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. அன்றைக்குக் கூட்டம், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நோட்டை முழுக்கப் படித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

வேலைதான். ஆனால் விமர்சனத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரியையும் நாடகத்தையும் பிரித்து மேய்ந்த கல்கிகூட அங்கே பத்திரிகை ஆசிரியர் வேலையும் பார்த்தவர்தான். யூடியூபில் நீளமான விமர்சன வீடியோ போட்டு விளம்பர வருமானத்தில் பங்கு வாங்க 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். தாண்டினாலும் ஆரம்பத்தில் ரீசார்ஜ் காசு தேறினால் அதிர்ஷ்டம். அதனால் பி.காம். முடியட்டும். படிப்பை நிறுத்துகிறேன் என்று அவள் சொன்னால் நான் உங்கள் பக்கம்.

நோட்டு விஷயத்தில் அவள் பக்கம்.

சினிமா பற்றி எழுதியதில் முக்கால்வாசி கதைச் சுருக்கம். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள், விடுங்கள். ஆனால் ஒரு பக்கத்தில், நம் ஏரியாவைக் காட்டும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்: "கத்தி இருக்கு, கானா இருக்கு. விடியக்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போற எங்க சித்தி எங்கே?" தண்டையார்பேட்டையில் வளர்ந்ததால் வந்த கேள்வி அது. எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

சின்ன அரங்கில், முப்பது நாற்பது பேர் நடுவே பார்த்த நாடகத்தைப் பற்றி இன்னும் நன்றாக எழுதியிருக்கிறாள். நடிகர் வசனம் மறந்து நின்றதையும், எதிரில் நடித்தவர் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டி அதைச் சமாளித்ததையும் விடவில்லை. சினிமா நாளைக்கும் அப்படியே இருக்கும். நாடகத்தில் அந்த ராத்திரி போனால் போனதுதான். வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை அரங்கில் எத்தனை ராத்திரிகள் நாடகம் நடந்திருக்கும்! எழுதி வைத்தவர்கள் இல்லாததால் நமக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

ஸ்டாண்ட்-அப் காமெடியில்தான் தடுமாறுகிறாள். ஓப்பன் மைக்கில் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஏறிப் புது ஜோக்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்கு மார்க் போடுவது பாதி வெந்த சோற்றைப் பதம் பார்ப்பது மாதிரி. ஒரே ஆள் ஒரு மணி நேரம் பேசும் டிக்கெட் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளட்டும். ஜோக்கின் கடைசி வரியையும் எழுதிவிடுகிறாள். அது அவர்கள் பிழைப்பு. யாரைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது, எங்கே அமைதியானது என்பது போதும்.

காசு வாங்கிக்கொண்டு புகழச் சொல்லி ஆட்கள் வருவார்கள். வாங்கினால் அது விளம்பரம், அப்படிச் சொல்லியே போட வேண்டும் என்பது விதி. "கேஸ் போடுவாங்களா?" என்று பயந்தீர்கள். விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்தாளுவதை 1957 பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனத்தைத் தடுக்கக் கேட்டபோது, 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. நடிகரின் சொந்த வாழ்க்கையை இழுத்து எழுதுவதுதான் ஆபத்து.

சம்பளம் விமர்சனத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது: சப்டைட்டில், பத்திரிகையில் உதவி ஆசிரியர், விளம்பர வாசகம். ஆங்கில சப்டைட்டில் என்றால் இரண்டே வரி, வரிக்குச் சுமார் 42 எழுத்து. கானாப் பாட்டை அதற்குள் அடக்க நம் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும். அவளுக்கு ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும், அவ்வளவுதான். டிகிரி முடித்து இதிலேயே படிக்க ஆசைப்பட்டால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. அதை அப்புறம் பார்க்கலாம்.

ராத்திரி தனியாக வருகிறாளே என்ற கவலை நியாயம்தான். 2021-லேயே நம் பக்கம் மெட்ரோ வந்தாச்சு, 11 மணி வரை ஓடுகிறது. ஒரு தடவை நீங்களும் கூடப் போய் நாடகம் பாருங்கள். பார்த்துவிட்டு இருவரும் தனித்தனியே 300 வார்த்தை எழுதி அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள். ஆமாம், நீங்களும்தான். நோட்டையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம். பதினேழாம் பக்கத்து டீக்கறை என்னுடையது, மகளிடம் சொல்லிவிடுங்கள்.