தமிழ்வழியில் படித்த மகள் ஆங்கிலத்தில் சமூக அறிவியல் நடத்த முடியுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, வரலாற்றில் இளங்கலை முடித்து, இப்போது சமூக அறிவியலை எடுத்து பி.எட். சேரவிருக்கும் உங்கள் மகள், ஆங்கிலவழி வகுப்பில் நிற்க நேர்ந்தால் தடுமாறிப் போவாளோ, இரண்டு ஆண்டுப் படிப்பும் கட்டிய பணமும் வீணாகுமோ என்று கவலைப்படுகிறீர்கள். சேர்க்கைக்கு முன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை இப்போது செலவிட வேண்டாம். நேர்காணலிலும் ரயில் நிலையத்திலும் பேசுகிற ஆங்கிலம் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று ஏன் ஜூன் மாதத்தில் கேரளக் கரையை எட்டுகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கவைக்கிற ஆங்கிலம் வேறொன்று. உங்கள் மகளுக்கு வேண்டியது இரண்டாவது. அது அளவில் சிறியது, இரண்டு ஆண்டுகளில் கைக்கு வரக்கூடியது.

இதை அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். நானும் தமிழ்வழியில் படித்தவன். பயிற்சி ஆசிரியராக ஓர் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போன முதல் நாள், பருவக்காற்றுப் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தேன். ஒரு மாணவி எழுந்து, பாலக்காட்டில் மட்டும் ஏன் இவ்வளவு காற்றடிக்கிறது என்று கேட்டாள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அதை ஆங்கிலத்தில் சொல்ல நான்கு சிறு வாக்கியங்கள் போதும். அந்த நான்கும் என்னிடம் இல்லை. எழுதிவைத்த உரைக்கு வெளியே வரும் கேள்விக்குப் பதில் சொல்லும் திறமே பாடம் நடத்தும் ஆங்கிலம் என்பது அன்று உறைத்தது.

பெரிய சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘கான்ஸ்டிடியூஷன்’, ‘இம்பீரியலிசம்’ போன்றவை புதியவை என்று தெரிந்தே வருவதால், ஆசிரியரும் நிறுத்தி விளக்குவார், பிள்ளையும் கவனித்துக் கேட்கும். வகுப்பைச் சத்தமில்லாமல் கவிழ்ப்பவை எல்லாருக்கும் தெரிந்த சிறு சொற்கள். ‘பேங்க்’ என்றால் பணம் போடும் இடம் என்று தெரிந்த பிள்ளைக்கு, பாரதப்புழை ஆற்றின் ‘பேங்க்’, அதாவது கரை, என்ன என்று புரியாது. 2018 வெள்ளத்தைப் பார்த்த கேரளத்துக் குழந்தைக்கு ‘ரிலீஃப்’ என்றால் நிவாரண முகாம். நிலப்படத்திலோ அது நிலத்தின் மேடுபள்ளம். ‘பில்’, ‘ஆக்ட்’, ‘ஹவுஸ்’, ‘மூவ்மென்ட்’ எல்லாம் இந்த வகைதான்.

நம் எல்லைப்புறத்தில் இந்தச் சிக்கல் இன்னொரு மடங்கு கூடும். ‘ஸ்டேட்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலைக்கு முந்தைய பாடத்தில் அது திருவிதாங்கூர், கொச்சி போன்ற சமஸ்தானத்தைக் குறிக்கிறது. 1956 நவம்பர் 1 முதல் மொழிவழி அமைந்த மாநிலத்தைக் குறிக்கிறது. குடிமையியலில் அரசு என்ற முழு அமைப்பையும் குறிக்கிறது. இதன்மேல், மலையாளத்தில் ‘சம்ஸ்தானம்’ என்றால் இன்றைய மாநிலம், தமிழில் சமஸ்தானம் என்றால் மன்னர் ஆண்ட பகுதி. நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து வகுப்பறையில் இரண்டு மொழிப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். இந்த இடறல் எங்கே நிகழும் என்று முன்கூட்டியே அறியக்கூடியவர், இரண்டு மொழியையும் வீட்டிலும் கடைவீதியிலும் கேட்டு வளர்ந்த உங்கள் மகளைப் போன்றவர்தான். ஆங்கிலப் பள்ளியிலேயே படித்து வந்தவருக்கு இது கண்ணில் படாமலே போகலாம்.

அடுத்தது வாக்கியம். தமிழில் காரணத்தை முதலில் சொல்லி விளைவைப் பின்னால் சொல்வது நம் இயல்பு: மழை பொய்த்ததால் பயிர் கருகியது. ஆங்கிலப் பாடநூலில் பெரும்பாலும் விளைவு முன்னே நிற்கும், ‘பிகாஸ்’, ‘டியூ டு’ என்று காரணம் பின்னால் வரும். ‘லெட் டு’ என்று வந்தாலோ வரிசை மீண்டும் நம் வழிக்குத் திரும்பிவிடும். பல பிள்ளைகள் காரணத்தையும் விளைவையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பதற்கு வரலாறு தெரியாதது காரணமன்று, இந்த இணைப்புச் சொற்களைப் பிடிக்கத் தெரியாததே காரணம் என்பதைப் பல விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன். காரணம் சொல்லுதல், ஒப்பிடுதல், காலவரிசைப்படுத்துதல், நிலப்படத்தைப் படித்துச் சொல்லுதல் ஆகிய நான்குக்கும் உரிய வாக்கிய அமைப்புகள் கைவசம் இருந்தால், பத்தாம் வகுப்பு வரையுள்ள பாடத்தில் பெரும்பகுதியை நடத்திவிடலாம்.

இதற்கான கருவி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பாடநூல்களைத் தயாரிக்கும் கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. ஒரே சமூக அறிவியல் நூலை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் வெளியிடுகிறது. உங்கள் மகள் படித்த தமிழ் நூலையும் அதே வகுப்பின் ஆங்கில நூலையும் அருகருகே வைத்து, ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கி நாளுக்கு இரண்டு பக்கம் படிக்கட்டும். ஒரு நோட்டில் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், அந்தச் சொல்லை வைத்துத் தானே அமைத்த ஒரு வாக்கியம் என்று எழுதட்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் அது வெறும் அகராதியாகிவிடும். மாலையில் ஒரு நிலப்படத்தைச் சுவரில் மாட்டி, ஐந்து நிமிடம் தம்பிக்கோ உங்களுக்கோ ஆங்கிலத்தில் விளக்கட்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு நீர் எந்த வழியாகச் சித்தூர்ப் பக்கம் வந்து சேர்கிறது என்பது முதல் படத்துக்கு நல்ல பொருள். உங்களுக்கே தெரிந்த செய்தி என்பதால், எங்கே விளக்கம் நழுவுகிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். நீங்கள் ஆங்கிலம் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் தயங்க வேண்டாம். கையும் படமும் சேர்ந்து உங்களுக்கு விளங்குமாறு அவர் சொல்லிவிட்டால், ஐந்தாம் வகுப்புக்கும் விளங்கும்.

பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வரும். அந்த வாரங்களில் ஒரு பகுதியையாவது ஆங்கிலவழிப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். வசதியான தமிழ்வழி வகுப்பிலேயே பயிற்சியை முடித்துக்கொள்ளும் ஆசை வரும். பிழை செய்தாலும் திருத்த ஆள் பக்கத்தில் இருக்கும் காலம் அது ஒன்றுதான். பாடக்குறிப்பு எழுதும்போது, பாடத்தின் நோக்கத்துக்குக் கீழே ‘மாணவர் பேச வேண்டிய வாக்கியங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். கல்லூரி கேட்காவிட்டாலும் அவருக்கு அது உதவும். வகுப்பில் தமிழோ மலையாளமோ பேசினால் குற்றம் என்று சிலர் அச்சுறுத்துவார்கள். ஒரு கருத்து விளங்காதபோது தாய்மொழியில் ஒரு வரி சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் மாணவரைச் சொல்லவைப்பது நல்ல முறை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்த்துக்கொண்டே போவதுதான் கூடாது. அப்படிச் செய்தால் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்துக்குக் காது கொடுக்காமல் தமிழுக்காகக் காத்திருப்பார்கள்.

வேலைவாய்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். கேரளத்தில் தமிழ்வழிப் பணியிடங்கள் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை மட்டும் நம்பிக் காத்திருந்தால் ஆண்டுகள் ஓடிவிடும். தமிழ்வழியில் படித்ததற்கான சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள், அந்தக் கதவை மூட வேண்டாம். உயர்நிலைப் பள்ளிக்கு கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வின் மூன்றாம் பிரிவை எழுத வேண்டும். 150 வினாக்களில் 80 பாடத்திலிருந்து வரும். பொள்ளாச்சி, கோவைப் பக்கம் போக நினைத்தால் தமிழ்நாட்டின் டெட் இரண்டாம் தாள் இருக்கிறது. அங்கு 2012-13 முதலே அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. மத்திய அரசின் சி-டெட் தேர்வில் மொழித்தாளாகத் தமிழை எடுக்கலாம் என்றாலும், சமூக அறிவியலின் 60 வினாக்களும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். அருகருகே நூல் வைத்துப் படித்த பயிற்சி அங்கே நேரடியாகக் கைகொடுக்கும். தனியார் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு மாதிரி வகுப்பு நடத்தச் சொல்வார்கள். பாலக்காட்டுக் கணவாயையே எடுக்கச் சொல்லுங்கள்.

சேர்க்கைக்கு முன் ஒரு சனிக்கிழமை மகளை என்னிடம் அழைத்து வாருங்கள். ஏழாம் வகுப்புத் தமிழ் நூலும் ஆங்கில நூலும் கையில் இருக்கட்டும். ஒரு பாடத்தை அவர் எனக்கு நடத்திக் காட்டட்டும்; முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். எந்த இடத்தில் குரல் இறங்குகிறதோ அந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.