சிறுவயது மனக்காயம் ஆற ‘பாகங்கள்’ சிகிச்சையா, காளான் சிகிச்சையா? டர்பனில் எதை நம்பிப் போகலாம்?

கேட்டிருப்பவர் நாற்பதைத் தாண்டியவர். அப்பாவின் குடியையும் அடியையும் பார்த்து வளர்ந்தவர். மனதுக்குள் இருக்கும் பல பாகங்களோடு பேசும் ஐஎஃப்எஸ் சிகிச்சைக்குப் போவதா, மனதை மாற்றும் போதைக் காளான் அல்லது எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி என்ற போதைப்பொருளில் இருப்பது) கொடுத்துச் செய்யும் சிகிச்சையைத் தேடுவதா என்பது கேள்வி. முதலில் பாகங்களோடு பேசுங்கள், மருந்தைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் என் பதில்.

நானும் அப்படி ஒரு வீட்டில், டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். தாத்தா குடும்பம் டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்கீழ் 1960களில் அங்கிருந்தவர்களை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். தாத்தா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அப்பா குடித்தார். வீட்டில் நடந்தது எதுவும் வாசலைத் தாண்டாது. அந்த வீட்டில் எனக்குப் படிந்த பழக்கம், ஐம்பது வயதிலும் யாராவது குரலை உயர்த்தினால் உடனே எழுந்து டீ போடப் போவது.

ஐஎஃப்எஸ் என்பது இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் 1980களில் உருவாக்கியது. அவர் சொல்வது இது: நமக்குள் பல பாகங்கள் உண்டு. எதுவும் கெட்டுப்போகாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்பவை சில. வலி வந்துவிட்டால் குடி, சாப்பாடு, கோபம் என்று எதையாவது போட்டு உடனே அணைப்பவை சில. இவை இரண்டுமே காவலுக்கு நிற்பவை. அவற்றுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருப்பது அடிபட்ட குழந்தை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் பதற்றமில்லாத, அக்கறையுள்ள ‘தான்’ ஒன்று உண்டு, அது எந்தக் காயத்தாலும் அழியாது என்கிறார்.

படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. உட்கார்ந்து செய்தபோதுதான் புரிந்தது. டீ போட ஓடும் அந்தப் பெண்ணை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று சிகிச்சையாளர் கேட்டார். எரிச்சல் என்றேன். எரிச்சல்படுவதும் ஒரு பாகம்தான், கொஞ்சம் ஒதுங்கி இருக்க முடியுமா என்று அதனிடம் கேட்கச் சொன்னார். அப்புறம் டீ போடுகிறவளிடமே கேட்கச் சொன்னார்: இதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்? யோசிக்காமலே பதில் வந்தது. “அம்மாவை அடிப்பார்.” எனக்கு இப்போது என்ன வயது என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தோம். தெரியவில்லை. ஏழு வயது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா போய்விட்டார், அம்மா என் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள் என்று அவளிடம் சொல்லச் சொல்லத்தான் என் தோள் இறங்கியது. அன்று நான் அழுத அழுகை துக்கத்தால் வந்ததல்ல.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, காவலுக்கு நிற்கும் பாகத்திடம் அனுமதி கேட்காமல் உள்ளே போவதில்லை என்ற ஒழுங்கு. காவலைத் தள்ளிவிட்டுக் காயத்தைத் தொட்டால், பிறகு அந்தக் காவலே இரண்டு மடங்காகத் திரும்பி வரும். குடியை விட்டவர் மறுபடி தொடுவார், தூக்கம் போய்விடும். மருந்து விஷயத்தில் எனக்கு இருக்கும் கவலையும் இதுதான். மருந்து காவலை மிக வேகமாகத் தளர்த்திவிடும்.

அதற்காக மருந்து பொய் என்று சொல்ல மாட்டேன். எம்டிஎம்ஏ ஆய்வுகளை முன்னின்று நடத்திய மைக்கேல் மிதோஃபர் ஐஎஃப்எஸ் பயிற்சியும் பெற்றவர். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நோயாளிகள் தங்கள் பாகங்களைப் பற்றிப் பேசுவதை அவர் கவனித்திருக்கிறார். 2023-இல் வந்த மூன்றாம் கட்ட ஆய்வில், மருந்தோடு சிகிச்சை பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின்வரும் மனஅழுத்த நோய்) அளவுகோலுக்கு வெளியே வந்தார்கள். மருந்தில்லாமல் அதே பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காடு. அந்த 48-ஐ யாரும் பேசுவதில்லை. பொறுமையாகக் கூடவே உட்கார்ந்து கேட்க ஆள் இருந்ததே அவ்வளவு செய்திருக்கிறது.

ஆனாலும் 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்டிஎம்ஏ சிகிச்சைக்கு அனுமதி தரவில்லை. தனக்குக் கிடைத்தது மருந்தா இல்லையா என்பதை ஆய்வில் இருந்தவர்களே ஊகித்துவிட முடிந்தது ஒரு சிக்கல். முந்தைய கட்டத்தில் கனடாவில் ஒரு சிகிச்சையாளர் நோயாளியிடம் எல்லை மீறிய விவகாரமும் பெரிதாகப் பேசப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் எம்டிஎம்ஏவைத் தரலாம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் காளானும் எம்டிஎம்ஏவும் சட்டவிரோதம். 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம் வீட்டில் கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதை வைத்துக் காளானும் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மருத்துவர் சட்டப்படி தரக்கூடியது கெட்டமைன் என்ற மயக்க மருந்து. இங்கே நம் ஆட்களில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீடு குறைவு. கெட்டமைன், எம்டிஎம்ஏ இரண்டுமே ரத்த அழுத்தத்தை ஏற்றும். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் காளான் எடுத்தால் வலிப்பு வரலாம். குடும்பத்தில் பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா ஆகிய மனநோய்கள் இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

காவடிக்குப் போனால் அருள் வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று என் தங்கை கேட்டாள். ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காவடி எடுப்பவர் விரதம் இருந்து தயாராகிறார், கூடவே குடும்பம் நடக்கிறது, இறக்கிவைத்த பிறகும் கவனிக்க ஆள் உண்டு. மருந்து ஆய்வுகளிலும் எட்டு மணி நேர அமர்வுக்கு முன்னும் பின்னும் பேச்சுச் சிகிச்சை வைக்கிறார்கள். வார இறுதியில் பண்ணை வீட்டில் பணம் வாங்கிக்கொண்டு காளான் கொடுப்பவர்களிடம் இது எதுவும் கிடையாது.

ஐஎஃப்எஸ்ஸுக்கும் ஆய்வு ஆதாரம் இன்னும் குறைவுதான். மூட்டுவாத நோயாளிகளிடம் 2013-இல் வந்த ஆய்வும் இன்னும் சில சிறிய ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன, அவ்வளவே. அதனால் ஐஎஃப்எஸ் தெரிந்தவர் என்பதோடு, எச்பிசிஎஸ்ஏவில் (தென்னாப்பிரிக்காவில் மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு செய்த உளவியலாளரா என்றும் பாருங்கள். சாக விரும்பும் எண்ணம் இருந்தால் இது எதற்கும் காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒருநாள் கெட்டமைன் எடுக்கலாம் என்று மருத்துவரும் நீங்களும் முடிவு செய்தால், மயங்கிக் கிடக்கும்போது அறையில் யார் இருப்பார்கள், மறுநாள் நான் யாரிடம் பேசுவது என்ற இரண்டையும் முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.