கோயில் தரையில் சுடுமண் ஓடு பதிக்கும் வழக்கம் பழங்காலத் தெற்காசியாவில் இருந்ததா?

இருந்தது. காஷ்மீரில் ஸ்ரீநகரை அடுத்த ஹர்வானைத்தான் முதலில் சொல்வேன். 1920-களில் ராம் சந்திர காக் நடத்திய அகழாய்வில், தூங்கானை மாட வடிவில், அதாவது பின்புறம் அரைவட்டமாக வளைந்த ஒரு கோயிலும் அதைச் சுற்றி ஓடு பதித்த முற்றமும் வெளிப்பட்டன. காலம் ஏறத்தாழ கி.பி. 4-5ஆம் நூற்றாண்டு.

ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்திச் சுட்ட ஓடுகள் அவை. ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள்: விலா எலும்பு தெரியக் குந்தியிருக்கும் துறவி, தலைக்கு மேலே மாடத்தில் பேசிக்கொண்டிருக்கும் ஆணும் பெண்ணும், காலடியில் வாத்து வரிசை. அந்த ஒட்டிய உடம்பையும் மாடத்துச் சிரிப்பையும் ஒரே ஓட்டில் வைத்தவன் பெருங்கலைஞன்!

அப்புறம், ஓடுகளில் கரோஷ்டி என்ற பழைய வடமேற்கு இந்திய எழுத்துமுறையின் எண்களும் உண்டு. எது எங்கே பதியவேண்டும் என்று கொத்தர்களுக்குக் காட்டவே அவை என்பது பொதுவான கருத்து.