பெரும்பான்மை கிடைக்காதவர் சர்வாதிகாரி ஆனது எப்படி? வகுப்பில் எப்படிச் சொல்வது?

கேள்வி: மேல்நிலை வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். ஹிட்லர் பாடம் வரும்போதெல்லாம், "மக்கள்தானே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். புத்தகத்தில் வெர்சாய் ஒப்பந்தம், பணவீக்கம், வேலையின்மை என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. அதற்கு மேல் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

பதில்: கரும்பலகையில் நான்கு எண்களை எழுதி ஆரம்பியுங்கள். ஜெர்மனியின் தேர்தல்களில் ஹிட்லரின் நாஜிக் கட்சி வாங்கிய வாக்கு இது: 1928-ல் 2.6 சதவீதம், 1930-ல் 18.3, 1932 ஜூலையில் 37.3, அதே ஆண்டு நவம்பரில் 33.1. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அவர்கள் பாதியைத் தொடவில்லை. கடைசி எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். நான்கே மாதத்தில் 34 இடங்கள் போய்விட்டன, கட்சி இறங்குமுகத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் மூன்று மாதம்கூட முடியாமல், 1933 ஜனவரி 30 அன்று அதன் தலைவர் ஹிட்லர் சான்சலர், அதாவது பிரதமர் போன்ற அரசுத் தலைவர், ஆகிறார். இறங்கிக்கொண்டிருந்தவரை மேலே தூக்கிவிட்டது யார்? வகுப்பு இந்தக் கேள்வியைச் சுற்றி நடக்கட்டும்.

பணவீக்கத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் கணக்கு உதைக்கும். மார்க் நாணயம் செல்லாக்காசாகிப்போனது 1923-ல். அதே ஆண்டு நவம்பரில் ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றார். தேசத்துரோக வழக்கில் 5 ஆண்டு தண்டனை விதித்தார்கள், 1924 டிசம்பரிலேயே வெளியே விட்டுவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்தும் அவருக்குக் கிடைத்தது 2.6 சதவீதம்தான். 1929-க்குப் பிறகு வந்த மந்தமும் அறுபது லட்சம் பேரின் வேலையின்மையும் அவருக்கு ஓட்டைக் கொடுத்தன, உண்மை. அதிகாரம் வேறு இடத்திலிருந்து வந்தது.

அந்த இடம், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் குடியரசு வகுத்துக்கொண்ட வைமர் அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. நெருக்கடி வந்தால் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பிக்கலாம். 1930 ஜூலையில் சான்சலர் புரூனிங்கின் நிதி ஆணையை நாடாளுமன்றம் ரத்து செய்தது. உடனே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், ஆணை மறுபடியும் வந்தது. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. 1932-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5. அவசர ஆணைகள் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஹிட்லர் வருவதற்கு முன்பே மக்களாட்சி பாதி நின்றுபோயிருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1932 ஜூலை 20-ஐயும் விட்டுவிடாதீர்கள். பாடப்புத்தகங்கள் ஏனோ இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நாட்டின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமையில் ஒரு அரசு இருந்தது. சான்சலர் பாப்பென் 48-ஆம் பிரிவைக் காட்டியே அதை நீக்கினார், மாநிலப் போலீஸ் மத்திய அரசின் கைக்குப் போனது. ஆறு மாதம் கழித்து அந்தப் போலீஸ் நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கிடம் வந்தது. அவர் நாஜிக் கட்சியின் அடியாள் படையான பழுப்புச் சட்டைக்காரர்களைத் துணைப் போலீஸாக்கினார்.

அதே பாப்பென்தான் ஹிட்லரைச் சான்சலராக்கச் சொல்லி ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தவர். அமைச்சரவையில் ஹிட்லரைச் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர், மற்றவர்களெல்லாம் நம் ஆட்கள், துணைச் சான்சலர் நான், இவரை அடக்கிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் அந்த மூவரில் ஃபிரிக்கிடம் உள்துறை இருந்தது, கோரிங்கிடம் பிரஷ்யப் போலீஸ் இருந்தது. பாப்பென் தலைகளை எண்ணினார், எந்தத் துறை யாரிடம் என்று பார்க்கவில்லை.

1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஆணை வந்தது: பேச்சுரிமை, பத்திரிகை, கூட்டம், கடிதம், தொலைபேசி என எதற்கும் பாதுகாப்பு இல்லை, விசாரணையின்றி அடைக்கலாம். தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த ஆணை 1945 வரை நீடித்தது. இந்தக் கெடுபிடிக்கு நடுவே மார்ச் 5-ல் நடந்த தேர்தலில்கூட நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான்.

நேரம் குறைவென்றால் மற்றதைச் சுருக்கி, 1933 மார்ச் 23-ஐ மட்டும் விரிவாக நடத்துங்கள். எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக குரோல் ஓபரா மாளிகையில் அவை கூடுகிறது. நாடாளுமன்றம் இல்லாமலே அமைச்சரவை சட்டம் இயற்றலாம் என்ற மசோதா. அதற்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவையில் இருக்க வேண்டும், இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். எதிர்க்கட்சிகள் வராமலிருந்தே தடுத்துவிடக்கூடும். அதனால் காரணமின்றி வராதவர்களையும் வந்தவர்களாகக் கணக்கிடலாம் என்று அவை விதியை மாற்றினார்கள். கம்யூனிஸ்டுகளின் 81 இடங்களும் காலி, சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். நடைபாதையெங்கும் பழுப்புச் சட்டைக்காரர்கள் நின்று மிரட்டுகிறார்கள்.

கத்தோலிக்கர்களின் மத்தியக் கட்சி ஆதரித்தால்தான் மசோதா தேறும். அதன் தலைவர் காஸ், தேவாலயத்துக்கும் அரசியல் சட்டத்துக்கும் உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டார். கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். வரவேயில்லை. அவர் கட்சி ஆதரித்தே வாக்களித்தது. எதிர்த்து எழுந்து பேசியவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் ஒருவர்தான். ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் அவர் கட்சிக்காரர்கள். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தே வாக்களித்தவர்கள் அவர்கள். இந்த எண்ணை மாணவர்கள் மறக்கவே கூடாது என்பது என் ஆசை.

பிறகு நடந்தவை வேகமானவை. மே 2-ல் தொழிற்சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. ஜூலை 14-ல் மிச்சமிருந்தது ஒரே கட்சி. காஸின் கட்சி அதற்கு முன்பே தன்னைக் கலைத்துக்கொண்டது. 1934 ஆகஸ்டில் ஹிண்டன்பர்க் இறந்ததும் ராணுவம் ஹிட்லரின் பெயருக்கே உறுதிமொழி எடுத்தது.

சரி, தடுத்திருக்கவே முடியாதா என்று ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். அவருக்கு பெல்ஜியத்தைச் சொல்லுங்கள். 1936-ல் டெக்ரெல் என்ற தீவிர வலதுசாரியின் கட்சி 21 இடங்களைப் பிடித்தது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் அவரே நின்றார். எதிரே பிரதமர் வான் ஸீலாண்ட் நின்றார். கத்தோலிக்கர், தாராளவாதிகள், சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள் எல்லோரும் அவரை ஆதரித்தார்கள். டெக்ரெலுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று பேராயரும் சொன்னார். டெக்ரெலுக்குக் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெல்ஜியத்தின் நெருக்கடி ஜெர்மனி அளவுக்கு இல்லை, அந்தக் கட்சியும் அவ்வளவு பெரிதில்லை, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு வீட்டுப்பாடமாக ஒரே கேள்வி கொடுங்கள்: காஸின் இடத்தில் நீங்கள் இருந்தால், கடிதம் வராத அந்த மாலையில் என்ன செய்திருப்பீர்கள்?