கன்னத்துக்கு ஒரு கலவை: கேள்வியும் பதிலும்

ஆண்கள் முகம் மழித்தபின் பூசுவதைப் பற்றிப் பதில் சொல்ல ஒரு பெண்மணிதானா கிடைத்தார்?
– வாசகர், காரைக்குடி

கிடைத்துவிட்டேன், என்ன செய்வது! அழகுசாதனப் பொருள்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காலை ஷிப்டுக்கு முகம் மழித்துக்கொண்டு வரும் ஊழியர்களை உட்காரவைத்து, இடக் கன்னத்தில் ஒரு கலவை, வலக் கன்னத்தில் இன்னொன்று என்று தடவி, யார் முகம் சுளிக்கிறார் என்று குறித்துக்கொள்வது என் வேலையில் ஒரு பகுதி. "எரியவே இல்லை மேடம்" என்று வாய் சொல்லும். இமை துடிப்பது வேறொன்று சொல்லும். இமையைத்தான் நான் நம்பினேன்.

கடையில் வாங்கும் ஆஃப்டர் ஷேவ் எதைப் போட்டாலும் முகம் எரிகிறது. வீட்டிலேயே எளிதாக ஒன்று கலந்துகொள்ள வழி சொல்லுங்கள் அம்மா.
– வாசகர், கரூர்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிளேடு மயிரை மட்டும் எடுப்பதில்லை. தோலின் மேல்படலத்தையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகிறது. அந்தப் படலம்தான் நமக்குக் காவல். அது மெலிந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எதைப் பூசினாலும் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இறங்கும். வாசனைக்காகக் கலவை செய்ய வருகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தோலைத் தேற்றுவதுதான் ஆஃப்டர் ஷேவின் வேலை. மணம் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

உங்களுக்கு ஆல்கஹால் இல்லாத கலவை. பன்னீர் 47.5 கிராம், கிளிசரின் 2 கிராம், படிகாரம் அரை கிராம். மொத்தம் 50 கிராம். படிகாரத்தைப் பொடித்துப் பன்னீரில் போட்டுக் கலக்குங்கள். நன்றாகக் கரைந்தபின் கிளிசரினைச் சேருங்கள். அவ்வளவுதான் செய்முறை.

ஆனால் இந்த மூன்றிலும் ஏமாற இடம் இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீர் பெரும்பாலும் தண்ணீரில் செயற்கை மணம் சேர்த்தது, முகத்துக்கு ஆகாது. ரோஜாப் பூவை நீராவியில் வடித்தது என்று லேபிளில் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். படிகாரத்தில் நாட்டு மருந்துக் கடைக்காரர் "பொரித்ததா, கல்லா?" என்று கேட்பார். கல் என்று சொல்லுங்கள். படிகாரப் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. சட்டியில் போட்டுச் சூடாக்கினால் அது கொதித்து வெளியேறி, கல் வெள்ளை நுரையாகப் பொங்கி இறுகிவிடும். அந்தப் பொரித்த படிகாரம் கரைவதற்கு நேரம் பிடிக்கும், கரையாத துகள் கன்னத்தில் உராயும். கிளிசரின் மருந்துக் கடையில் கிடைக்கும். நல்லது என்று அதை அள்ளி ஊற்றாதீர்கள். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் மே மாத வெயிலில் முகம் பிசுபிசுத்து, ரோட்டுப் புழுதியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும்.

இதில் நாள்பட்டுக் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கலங்கினாலோ, நூல் நூலாக ஏதாவது மிதந்தாலோ வாஷ்பேசினில் கொட்டிவிடுங்கள். 50 கிராம் என்று நான் அளவைச் சுருக்கியதே அதற்காகத்தான்.

ஸ்பிரிட் எங்கே வாங்குவது? சர்ஜிக்கல் ஸ்பிரிட், பெயின்ட் கடை ஸ்பிரிட், வோட்கா இவற்றில் எது சரி?
– வாசகர், ஆம்பூர்

பெயின்ட் கடைப் பக்கமே போகாதீர்கள். அங்கே கிடைப்பது யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக நஞ்சு சேர்த்த ஸ்பிரிட். பல நேரம் அந்த நஞ்சு மெத்தனால். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்ததும் அதே மெத்தனால்தான். 'நான் குடிக்கவா போகிறேன்' என்பீர்கள். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். தினமும் முகத்தில் பூசுகிற பொருளில் அதற்கு இடமே கிடையாது.

சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. பிரிட்டிஷ் மருந்து நூலின்படி செய்தால் அதில் விளக்கெண்ணெயும் மீத்தைல் சாலிசிலேட்டும் இருக்கும். அதாவது மூட்டுவலித் தைலத்தின் வாடை. வேறு சில பாட்டில்களில் ஐசோபுரொபைல் ஆல்கஹால். ஊசி போடும் இடத்தைத் துடைக்க இவை போதும். மழித்த கன்னத்தில் தினமும் பூச நான் சொல்லமாட்டேன்.

தொழிற்சாலைகள் வாங்கும் சுத்தமான எத்தனாலுக்கு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டில் ஒரு பாட்டில் கலக்கப் போகிறவருக்கு அதெல்லாம் நடக்காத காரியம். மிச்சம் இருப்பது வோட்கா. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். நம் ஊர் வோட்காவில் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. எதுவும் கெட்டுப்போகாமல் காக்க அது போதும். வாசனை எண்ணெயைக் கரைத்து வைத்துக்கொள்ளத்தான் போதாது. லாவெண்டர் எண்ணெயை அதில் விட்டுக் குலுக்கினால் வெள்ளையாகக் கலங்கும், சற்று நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். அப்படி மிதப்பதைக் கையில் ஊற்றிப் பூசினால் முதல் நாள் பூசுபவருக்கு எண்ணெய் முழுவதும், கடைசி நாள் பூசுபவருக்கு வெறும் வோட்கா. எலுமிச்சை, ஆரஞ்சு என்று சுவையூட்டியதை வாங்காதீர்கள், சர்க்கரை ஒட்டும். கலக்கும்போது அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்தில் எரியக் கூடாது.

மழித்த முகத்தில் ஆல்கஹால் எரிச்சல் தரும் என்பதும் நினைவிருக்கட்டும். கரூர்க்காரரைப் போன்றவர்களுக்கு இது வேண்டாம்.

குளிர்ச்சி பலமாக இருக்க வேண்டும். மென்தால் எவ்வளவு போடலாம்?
– வாசகர், தூத்துக்குடி

100 கிராம் கலவைக்கு 0.1 கிராமில் ஆரம்பியுங்கள். 0.3 தாண்டினால் கண்ணில் தண்ணீர் வரும், அதைக் குளிர்ச்சி என்று சொல்ல முடியாது.

நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டால் ஊசி ஊசியாக ஒரு படிகத்தைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதுதான் மென்தால். அது முகத்தின் சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைப்பதில்லை. குளிரை உணர்கிற நரம்பு முனையில் ஒரு புரதம் இருக்கிறது. மென்தால் அதைத் திறந்துவிட, மூளை 'குளிர்கிறது' என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தை 2002ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். வெப்பம், தொடுதல் இவற்றை உடல் உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் பொட்டலத்தில் வாங்கும் புதினா உப்பு அவர்களுடைய ஆய்வகத்திலும் இருந்த சரக்குதான்.

0.1 கிராமை எப்படி அளப்பது? சமையலறைத் தராசு காட்டாது. 'ஒரு சிட்டிகை' என்று யாராவது சொன்னால் அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள். தங்கம் நிறுக்கிற சின்ன பாக்கெட் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கலவை செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான், எண்ணெயை அல்ல. சொட்டுக் கணக்கு எனக்கு என்றுமே பிடித்ததில்லை. வெட்டிவேர் எண்ணெயின் சொட்டு ஒரு கனம், ஆரஞ்சு எண்ணெயின் சொட்டு ஒரு கனம். டிராப்பர் மாறினால் அதுவும் மாறும்.

ஓர் எச்சரிக்கை. புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலேயே மூன்றும் சேர்ந்து உருகித் திரவமாகிவிடும். நாட்டு வைத்தியத்தில் அதற்கு நல்ல பெயர் உண்டு, பயனும் உண்டு. மழித்த முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

என் அப்பா பூசிய ஓல்ட் ஸ்பைஸ் போல மசாலா மணம் வர வேண்டும். கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெய், எலுமிச்சைச் சாறு மூன்றையும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன்.
– வாசகர், வேலூர்

காரைக்குடிக்காரர் கவனிக்க: ஓல்ட் ஸ்பைஸ் என்ற பெயரில் 1937இல் முதலில் வந்தது பெண்களுக்கான சரக்கு. ஆண்களுக்கானது அடுத்த ஆண்டுதான் வந்தது.

வேலூர் வாசகரே, உங்கள் பட்டியலில் இரண்டை அடித்துவிடுகிறேன். எலுமிச்சைச் சாறு கடும் புளிப்பு, சுரண்டிய தோலுக்குத் தண்டனை. சாறுக்குப் பதில் பழத்தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயை விடலாமே என்றால் அதில் இன்னொரு வம்பு. நம் சிறு எலுமிச்சையின் தோல் எண்ணெயில் பெர்காப்டன் போன்ற பொருள்கள் உண்டு. அவை நம் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சுட்ட புண்போலக் கொப்புளிக்கும். ஆறியபின் கறுத்த தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். பூசிக்கொண்டு டூவீலரில் வேலூர் வெயிலில் போகிறவரின் கன்னத்தை நினைத்துப் பாருங்கள். கழுவாமல் தோலில் விடும் பொருளில் இந்த எண்ணெய் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச நறுமணப் பொருள் கூட்டமைப்பே வரம்பு வைத்திருக்கிறது. நீராவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பெரிய மூலக்கூறுகள் ஆவியோடு ஏறி வருவதில்லை. வாங்கும்போது எப்படி எடுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

பட்டை எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு பட்டை மணமுள்ள பற்பசைகூட உதட்டைத் தடிக்கவைக்கும்.

கிராம்பு எண்ணெய் இருக்கட்டும், அரை சதவீதத்துக்குக் கீழே. கிராம்பின் மணத்துக்குக் காரணம் யூஜினால். கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ் தீவில் ஒரு மரத்தின் இலையை ரம்மோடு சேர்த்து வடித்து 'பே ரம்' என்ற வாசனைப் பூச்சாக 19ஆம் நூற்றாண்டில் உலகமெங்கும் அனுப்பினார்கள். அந்த இலையிலும் அதே யூஜினால்தான். வோட்கா 95 கிராம், கிளிசரின் 3 கிராம், முழுக் கிராம்பு 2 கிராம் போட்டு பாட்டிலை மூடி ஒரு வாரம் இருட்டில் வைத்து வடிகட்டுங்கள். எண்ணெய் விடுவதைவிட இது மென்மையாக இருக்கும். ஆல்கஹாலால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவு மணத்தைத்தான் அது கிராம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே எதுவும் மிதக்காது. பூசுமுன் முழங்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் கலவை உங்களுக்கு இல்லை.

அத்தர் கலக்கலாமா? அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, மேலப்பாளையம் (கணவருக்காகக் கேட்கிறேன்)

பழைய முறையில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்தார்கள். சந்தனம் விலை ஏறியபின் மலிவான அத்தர்களில் பாரஃபின் எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை: சிறு கண்ணாடிக் குப்பியில் கொரோனா காலத்துக் கை சுத்திகரிப்புத் திரவம் (கூழ் அல்ல, தண்ணீர்போல் உள்ளது) கொஞ்சம் ஊற்றி, அத்தரில் ஒரு சொட்டு விட்டுக் குலுக்குங்கள். பாரஃபின் அதில் கரையாது. கண்ணாடிச் சுவரில் சிறு சிறு மணிகளாக ஒட்டி நிற்கும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அசல் சந்தன எண்ணெய் 70 சதவீத ஆல்கஹாலில் தெளிவாகக் கரைய வேண்டும் என்பது தரக்கட்டுப்பாட்டு விதிகளிலேயே உள்ள சோதனை. கரைந்துவிட்டால் அசல் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். கரையும் போலிகளும் உண்டு.

உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்வது வெட்டிவேர். கடலூர்ப் பக்கத்து மணல் நிலத்தில் விளைவது. மண் போக அலசி, காயவைத்து, கத்தரியால் பொடியாக நறுக்கிய வேர் 5 கிராம், வோட்கா 100 கிராம், இரண்டு வாரம். காபி ஃபில்டர் தாளில் வடித்தால் வெளிர்ந்த தேயிலை நிறத்தில் இறங்கும். அதில் 3 கிராம் கிளிசரின். வெள்ளைச் சட்டைக் காலரில் படாமல் பூசச் சொல்லுங்கள்.

சலூனில் எல்லோருக்கும் ஒரே படிகாரக் கல்லைத் தேய்க்கிறார்கள். பரவாயில்லையா?
– வாசகர், அரியலூர்

பரவாயில்லையாவது! அடுத்தவர் ரத்தம் பட்ட கல். இருபது முப்பது ரூபாய்க்குச் சொந்தமாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சலூன்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார், அவருக்கும் கல் மிச்சம்.

நான் கலந்ததை நண்பர்கள் பாராட்டுகிறார்கள். பாட்டிலில் அடைத்து விற்கலாமா?
– வாசகர், திருப்பூர்

விற்க முடியாது. அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அதற்குத் தனி இடம், தகுதியுள்ள ஆள், பரிசோதனை வசதி எல்லாம் கேட்பார்கள். மைத்துனருக்கும் நண்பருக்கும் சும்மா கொடுப்பதானால் பாட்டிலில் ஒரு தாள் ஒட்டி, என்னென்ன எவ்வளவு சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் கலந்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். யாருக்காவது முகம் தடித்து டாக்டரிடம் ஓடினால் அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.