இடைக்காலச் சீனா வெளி உலகத் தொடர்பே இல்லாம மூடிக் கிடந்த நாடுதானா? சோழர்கள் அங்க போய் ஆட்சி பண்ணாங்கன்னு வர்ற ஃபார்வர்டு உண்மையா?

கேள்வியைப் பார்த்தா நீங்க ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீங்கன்னு தோணுது. பெருஞ்சுவர், சாத்தின கதவு, அப்புறம் அபினிப் போர்ல வெள்ளைக்காரன் வந்து திறந்தான், இந்த வரிசையிலதான் கோச்சிங் நோட்ஸ் எல்லாம் இருக்கும். முதல் கேள்விக்கு நேரடியா பதில்: இல்லை. கி.பி. 1000லேர்ந்து 1350 வரைக்கும் கடல் வியாபாரத்துக்கு அவ்வளவு திறந்து கிடந்த நாடு உலகத்துல கொஞ்சம்தான். கதவைச் சாத்தினது மிங் வம்சம், 1371ல தனியார் யாரும் கடல்ல போய் வியாபாரம் பண்ணக்கூடாதுன்னு தடை போட்டாங்க. நீங்க போட்டோவுல பார்க்கிற பெருஞ்சுவரும் பெரும்பாலும் அந்த மிங் காலத்துல கட்டினதுதான். ரெண்டாவது கேள்விக்கும் இல்லைன்னுதான் பதில், ஆனா அதுல எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் இருக்கு, வர்றேன்.

நான் வரலாறு படிச்சவன் இல்ல. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் தொழில். எங்க பிளாக்கெல்லாம் கப்பல் ஏறி சீனாவோட சியாமென் துறைமுகத்துக்குப் போகும், அங்கேர்ந்து ஷுய்தோன்னு ஒரு ஊரு, ஊரு முழுக்கக் கல்லு மார்க்கெட்தான், திரும்பின பக்கமெல்லாம் ஸ்லாப் நிக்கும். வியாபார விஷயமா பல வருஷமா அங்க போய்ட்டு வந்துட்டு இருக்கேன். அந்த ஷுய்தோவுக்கும் பக்கத்துல ஆன்ஹாய்ங்கிற ஊருக்கும் நடுவுல ஒரு பாலம் இருக்கு, ஆன்பிங் பாலம்னு பேரு. 1138ல ஆரம்பிச்சு 1151ல முடிச்சது. முழுக்க கிரானைட், இன்னிக்கும் 2 கிலோமீட்டர் நீளம் நிக்குது, அப்ப அது கடல் கழிமுகத்துக்கு மேல போட்ட பாலம். ஒரு பாளத்தோட எடை என்ன ஆகும்னு எனக்குக் கண்ணாலயே தெரியும், கிரேன் இல்லாம அதைத் தூக்கி வெக்கிறது என்ன வேலைன்னும் தெரியும். அவ்வளவு பணம் அந்தக் கரைக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்கப் போய்த்தான் நான் இந்த விஷயத்துக்குள்ளயே வந்தேன். பணம் வந்தது கடல்லேர்ந்து. இந்த ஊரெல்லாம் சுவான்சோங்கிற துறைமுகத்தைச் சேர்ந்தது, அரபு வியாபாரிங்க ஜைத்தூன்னு சொன்னது இதைத்தான். அலெக்சாண்டிரியாவுக்கு மிளகோட ஒரு கப்பல் போனா இங்க நூறு வருதுன்னு மார்க்கோ போலோ எழுதினது இந்த ஊரைப் பத்தித்தான்.

ஏன் இப்படித் திறந்து வெச்சாங்கன்னு புரிஞ்சுக்கணும், அது இல்லாம தேதியை மட்டும் மனப்பாடம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. அப்ப சீனாவை ஆண்ட சோங் வம்சத்துக்கு வடமேற்குல தரைவழிப் பட்டுப்பாதை கையை விட்டுப் போச்சு, 1127ல வட சீனாவே ஜூர்ச்சென்கள்ங்கிற வடக்கத்தி இனத்துக்காரங்ககிட்ட போச்சு. தெற்கே ஒதுங்கின அரசாங்கத்துக்குப் படை வெச்சுக்கக் காசு வேணும், கடல் வரி அதுல ஒரு நல்ல வழி. கப்பல் வியாபாரத்தைப் பார்த்துக்கவே தனி அலுவலகம், குவாங்சோவுல 971லயே வந்துடுச்சு, சுவான்சோவுல 1087ல. சரக்குல பத்துல ஒரு பங்கு மாதிரி வரி, சில சரக்கை அரசாங்கமே எடுத்துக்கும், மீதியை வித்துக்கலாம். காத்துக்காக அதிகாரிங்களே மலையில போய்ச் சாமி கும்பிட்டிருக்காங்க! ஊருக்கு வெளிய ஜியூரி மலைப் பாறையில அதை வெட்டி வெச்சிருக்காங்க, போனா படிக்கலாம். வாடைக்காத்துல கப்பல் தெற்கே கிளம்பும், தென்மேற்குக் காத்துல திரும்பும், அது தவறினா ஒரு வருஷ வரி போச்சு.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், கேள்விக்கு நேரடி சம்பந்தம் இல்லாம இருக்கலாம், பரவாயில்ல. 1146ல சுமத்ராப் பக்கம் இருந்த ஸ்ரீவிஜய ராஜாகிட்டேர்ந்து குவாங்சோவுக்கு ஒரு கடிதம் வருது, இங்க வரி ரொம்பப் போட்டுட்டாங்க, எங்க வியாபாரிங்களுக்கு நஷ்டம்னு. அந்த அதிகாரியைப் பதவி இறக்கிட்டாங்க. வெளிநாட்டு வியாபாரியோட புகாருக்கு! இன்னிக்கு என் நிலைமை என்ன தெரியுமா? பிளாக்கை இங்க வந்து தண்ணி ஊத்திப் பார்த்து மார்க் பண்ணிட்டுப் போவாங்க, சரக்கு அங்க இறங்கினதும் ஹேர் கிராக், அதாவது முடி மாதிரி மெல்லிய விரிசல் இருக்குன்னு ஒரு போட்டோ வரும், பேமெண்ட்ல கட் பண்ணிடுவாங்க, யார்கிட்ட போய்ச் சொல்றது, எந்த அலுவலகத்துல கேப்பாங்க, ரெண்டு பக்கமும் யாரும் கேக்கறதில்ல. ஒரு பார்ட்டி அப்படிப் பண்ணதுல என் தம்பியோட குவாரியே நின்னு போச்சு. சின்ன ஏத்துமதிக்காரன் படற பாடு யாருக்கும் தெரியறதில்ல. சரி விடுங்க.

விஷயத்துக்கு வர்றேன். சுவான்சோவுல கையுவான்னு ஒரு பெரிய புத்தர் கோயில், 686ல ஆரம்பிச்சது. அதோட பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கத் தாழ்வாரத்துல ரெண்டு தூண் நிக்குது. காளிங்க நர்த்தனம், மருத மரத்தைச் சாய்க்கிற கண்ணன், கஜேந்திர மோட்சம், நரசிம்மர்னு நம்ம ஊர்க் கதையெல்லாம் அதுல இருக்கு. மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்துக் கோயில் ஒண்ணு இடிஞ்சப்புறம் மிங் காலத்துல கொண்டு வந்து இங்க நட்டது. கல்லு அந்த ஊர்க் கல்லு, உளி வேலையில சீனக் கை தெரியுது, கதை மட்டும் நம்மளது. அந்தத் தூணுக்கு முன்னாடி நின்னப்ப எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, கூட வந்தவங்க மணியாச்சு ஃபேக்டரிக்குப் போகணும்னு அவசரப்படுத்திட்டே இருந்தாங்க, நான் நகரல. மியூசியத்துல சிவலிங்கம், யானை லிங்கத்தைக் கும்பிடற சிற்பம் எல்லாம் இருக்கு. ஊர்ல கிடைச்ச இந்துச் சிற்பத் துண்டு மட்டும் 300க்கு மேல.

அங்க கிடைச்ச தமிழ்க் கல்வெட்டு ஒண்ணுதான் உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில். சகாப்தம் 1203, சித்திரை மாசம், அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள்ங்கிறவர், செகாசை கான் நல்லா இருக்கணும்னு, அந்தக் கானோட பர்மான்படியே (அரச ஆணைப்படியே), சிவனை எழுந்தருளப் பண்ணினார்னு இருக்கு. கான்னா அப்ப சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான். கீழே சீன எழுத்தும் ஒரு வரி இருக்கு. இப்ப யோசிங்க, மூணாம் ராஜேந்திரனோட சோழர் ஆட்சியே 1279ல முடிஞ்சது. அதே 1279ல யாமென் கடல் போர்ல சோங் வம்சமும் முடிஞ்சது. ரெண்டு வருஷம் கழிச்சு, இங்க பாண்டியர் ஆளும்போது, அங்க மங்கோலியர் ஆளும்போது, ஒரு தமிழர் அந்த ஊரு அரசர்கிட்ட அனுமதி வாங்கிக் கோயில்ல சாமி வெக்கிறார். இதுல எங்க படையெடுப்பு வருது?

இதை எங்க தொழில் குரூப்ல போட்டதுக்கு என்னைத் தமிழினத் துரோகின்னு சொன்னாங்க. சீனாக்காரன்கிட்ட காசு வாங்கறவன் அப்படித்தான் பேசுவான்னு ஒருத்தர் எழுதினார், எனக்குத் தெரிஞ்ச மனுஷர்தான், இன்னும் வலிக்குது. சோழர் பெருமையைக் குறைக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா? ராஜராஜன் அனுப்பின தூதுக்குழு 1015ல சோங் அரசவைக்கு முத்தும் தந்தமும் கொண்டு போய்ச் சேர்ந்தது, அப்புறம் 1033, 1077லயும் போயிருக்கு. 1077ல போன 72 பேருக்கு 81,800 சரம் செப்புக்காசு குடுத்ததா சீனப் பதிவே சொல்லுது. தஞ்சாவூர்ப் பக்கம் சீனக் காசுப் புதையல் கிடைச்சிருக்கு, ராமநாதபுரம் பெரியபட்டினத்துல தோண்டினா சீனப் பீங்கான் ஓடு வருது. இவ்வளவு நிஜம் கையில இருக்கும்போது பொய் எதுக்கு? அந்தப் பொய்யைக் காட்டியே நிஜத்தையும் சேர்த்து நம்ப மாட்டேங்கிறாங்க, அதுதான் என் வயித்தெரிச்சல்.

எல்லாரும் அங்க கொஞ்சிக் குலாவிட்டு இருந்தாங்கன்னும் நான் சொல்ல வரல, கமெண்ட்ல அதுக்கு வந்துடாதீங்க. சோங்குக்கு முந்தின டாங் வம்சக் காலக் கடைசியில ஹுவாங் சாவ் கலகப் படை குவாங்சோவுக்குள்ள புகுந்து வெளிநாட்டு வியாபாரிங்களைக் கொன்னு குவிச்சது, அபூ சைத்ங்கிறவர் எழுதின அரபு நூல் 1,20,000 பேர்னு சொல்லுது, கணக்கு கூடுதலா இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். சுவான்சோவோட கப்பல் வியாபாரத்தைக் கையில வெச்சிருந்த பூ ஷோகெங்ங்கிற முஸ்லிம் அதிகாரி மங்கோலியர் பக்கம் சாஞ்சு, ஊர்ல இருந்த சோங் அரச குடும்பத்து ஆளுங்களையே கொன்னார். கடைசியா 1357லேர்ந்து 1366 வரைக்கும் பாரசீகப் படைக்காரங்க கலகம், ஊரே நாசம், அதுலயும் வெளிநாட்டுக்காரங்க செத்தாங்க, மிச்சம் பேர் ஓடிட்டாங்க. அதுக்கப்புறம்தான் மிங் தடை வருது. மிங் அரசாங்கத்தோட கடற்படைத் தளபதி செங் ஹே 1405லேர்ந்து 1433 வரைக்கும் ஏழு தடவை பெரிய கப்பல் படையோட போனாரே, அவர் இலங்கையில காலிங்கிற ஊர்ல வெச்ச 1409 தேதியிட்ட கல்வெட்டுல சீனம், தமிழ், பாரசீகம் மூணும் இருக்கேன்னு கேப்பீங்க. அது அரசாங்கக் கப்பல். அதே நேரத்துல சுவான்சோ வியாபாரி சொந்தக் கப்பல்ல கிளம்பினா குற்றம். அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தினது 1567ல, அதுவும் சுவான்சோவுல இல்ல, தெற்கே யூவேகாங்ங்கிற இடத்துல. பரீட்சையில 'சீனா மூடிய நாடு'ன்னு கேட்டா எந்த வம்சம், எந்த வருஷம்னு போட்டு எழுதுங்க.