வாசகர் கேள்வி பதில்: திருப்பி அனுப்பினால் மட்டும் போதுமா?

கேள்வி: பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய எங்கள் சங்கத்தின் தளத்தில், உள்நுழைந்தவரின் உறுப்பினர் எண்ணைச் செஷன் மாறியில் (ஒருவரின் வருகை குறித்து சர்வர் நினைவில் வைத்திருக்கும் தரவில்) வைக்கிறோம். அந்த எண் இல்லாமல் வருபவரை ஹெடர் கட்டளையால் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பி விடுகிறோம். இருந்தும், உள்நுழையாத ஒருவரால் உறுப்பினர் பதிவொன்றை அழிக்க முடிந்திருக்கிறது. எங்கே தவறு?

பதில்: ஹெடர் வரிக்கு அடுத்து எக்ஸிட் என்ற கட்டளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு முகவரிக்குப் போகும்படி உலாவிக்குச் சொல்லும் குறிப்பை ஹெடர் பதிலில் சேர்க்கிறதே தவிர, நிரலை நிறுத்துவதில்லை. எனவே அதற்குக் கீழே பதிவை அழிக்கும் வரிகள் இருந்தால் அவையும் சர்வரில் ஓடி முடிந்துவிடும். சோதித்துப் பார்ப்பவரின் திரையில் உள்நுழைவுப் பக்கமே தோன்றுவதால், இந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமலே கிடக்கும். சோதனையையும் எக்ஸிட்டையும் ஒரே கோப்பில் எழுதி, பாதுகாக்க வேண்டிய ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைத் திருத்திய பிறகும் ஒரு வாசல் திறந்திருக்கக்கூடும். ஒருவரின் செஷன் எது என்பதை சர்வர் அறிவது, உலாவியில் குக்கி என்ற சிறு பதிவாக இருக்கும் செஷன் அடையாள எண்ணைக் கொண்டே. தாக்குபவர் தனக்குத் தெரிந்த அத்தகைய எண்ணை உறுப்பினரின் உலாவியில் முன்கூட்டியே பதித்துவிட்டால், உறுப்பினர் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவுடன், அதே எண்ணைக் கொண்டு தாக்குபவரும் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வந்துவிடுவார். ஆகவே கடவுச்சொல் சரி என்று உறுதியான அக்கணமே, செஷன் ரீஜெனரேட் ஐடி ஃபங்ஷனை ட்ரூ என்ற மதிப்புடன் அழைத்துப் புதிய அடையாள எண் வழங்குங்கள். பிஎச்பி அமைப்புகளில் இயல்பாக அணைந்தே இருக்கும் ஸ்டிரிக்ட் மோடையும் (சர்வர் தானே வழங்காத அடையாள எண்ணை ஏற்காத அமைப்பு) இயக்குங்கள். குக்கிக்கு செக்யூர் (மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே அனுப்பு), எச்டிடிபி ஒன்லி (பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குக் காட்டாதே) ஆகிய இரண்டு அமைப்புகளும் கட்டாயம் வேண்டும்.

செஷனில் உறுப்பினர் எண்ணை மட்டும் வைத்திருப்பது நல்லது. நிர்வாகி என்ற தகுதியையும் அதிலேயே எழுதிவைத்தால், பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டவர் வெளியேறும்வரை நிர்வாகியாகவே நீடிப்பார். தகுதியை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் பார்ப்பதே சரி.

வெளியேறும்போது செஷன் டெஸ்ட்ராய் ஃபங்ஷன் சர்வரில் உள்ள செஷன் தரவை அழிக்கும்; குக்கியையும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் உள்ள செஷன் மாறிகளையும் அது தொடுவதில்லை. அவற்றை நீங்களே நீக்க வேண்டும். செஷனின் ஆயுள் இயல்பாக 1440 விநாடிகள் என்றாலும், பழைய செஷன்களைக் களையும் வேலை அவ்வப்போதே நடப்பதால், அந்த நேரம் கடந்த செஷனும் உயிரோடு இருக்கலாம். காலக்கெடு கண்டிப்பாக வேண்டுமென்றால், கடைசியாக இயங்கிய நேரத்தைச் செஷனில் குறித்துவைத்து, மேலே சொன்ன பொதுக்கோப்பிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.